பாத்தியிலும் ஒரு வகுப்பறை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது எம் முன்னோர் மொழி. வாழ்வோடு ஒட்டாத கல்வியை அவர்கள் இவ்வாறு எள்ளி உரைத்தனர். மெல்பேண் நகரில் சனிக்கிழமை தோறும் கூடும் தமிழ்ப் பாடசாலையில் 'மரக்கறிகள்' என்னும் பாடத்தை நடத்தும்பொழுது, இப்பழமொழி சொல்லுக்குச் சொல் உண்மையாகி எம்முன் நிற்கின்றது. ஏட்டிலே சுரைக்காய் உண்டு, கத்தரிக்காய் உண்டு, பயற்றங்காயும் உண்டு. பிள்ளைகள் அவற்றுக்கு அழகாக வண்ணந் தீட்டுகின்றனர். பெயர்களை ஐந்து முறை எழுதுகின்றனர். தேர்விலும் பிழையின்றி எழுதிப் புள்ளிகள் பெறுகின்றனர். ஆயினும் மறுவாரம் ஒரு கத்தரிக்காயைக் கையிற் கொடுத்து "இது என்ன?" என வினவினால், முதலில் நாவில் வருவது ஆங்கிலப் பெயரே.

இது பிள்ளைகளின் குறையன்று. ஒரு சொல் நெஞ்சில் வேரூன்றுவதற்கு மூன்று வேண்டும். கையால் தொடக்கூடிய பொருள் ஒன்று. அப்பொருளைக் கொண்டு செய்யும் தொழில் ஒன்று. அத்தொழிலின்போது அச்சொல்லைச் சொல்லிப் பேசுவதற்கு ஓர் ஆள். ஊரில் வளர்ந்த பெற்றோராகிய எமக்கு இம்மூன்றும் கேளாமலே கிடைத்தன. கிணற்றடியும் வாழைப் பாத்தியும் முற்றத்து முருங்கையும் எமக்குத் தமிழ் கற்பித்தன. இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அவற்றை யாம் திட்டமிட்டே அளித்தல் வேண்டும். அதற்கு மிக எளிய, செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. அதுவே பாடசாலைத் தோட்டம்.

தோட்டமும் கல்வியும்

பிள்ளைகளைத் தோட்டத்தின் வழியே கற்பித்தல் புதுமையன்று. ஜேர்மனியக் கல்வியாளர் பிரடெரிக் புறோபல் 1837 ஆம் ஆண்டு பாட் பிளாங்கன்பேர்க் என்னும் சிற்றூரில் இளஞ்சிறாருக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். 1840 இல் அதற்கு அவர் இட்ட பெயர் 'கின்டர்கார்டன்'. அதன் பொருள் 'சிறுவர் தோட்டம்' என்பதாகும். இது வெறும் உருவகப் பெயரன்று. அவர் வகுத்த முறையில் உண்மையான தோட்டமும் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கே உரிய சிறு பாத்தி ஒன்று. அப்பாத்திகளைச் சூழ அனைவரும் சேர்ந்து பேணும் பொதுப் பாத்திகள். தன் பாத்தியில் பிள்ளை தன் விருப்பப்படி நடலாம், தவறும் செய்யலாம். பொதுப் பாத்தியில் பிறரோடு கூடி உழைத்தல் வேண்டும். தனக்குரியதும் எல்லோர்க்கும் உரியதும் என்னும் இரண்டையும் ஒருங்கே உணர்த்தும் ஏற்பாடு இது.

இத்தாலிய அறிஞர் மரியா மொண்டிசோரி அம்மையாரும் தம் கல்வி முறையில் செடி வளர்த்தலுக்குச் சிறப்பிடம் தந்தார். நீரின்றேல் செடி வாடும் என்பதை ஆசிரியர் அதட்டிச் சொல்ல வேண்டியதில்லை. செடியே பிள்ளைக்குச் சொல்லும். விதைத்த அன்றே காய் கிடையாது. ஆகவே பிள்ளை பொறுமையையும் முன்னறிந்து செயற்படுதலையும் தானே கற்கும் என்பது அவர் கருத்து. இவ்வம்மையார் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து, பல ஆண்டுகள் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது தமிழர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

எம் நகரிலேயே ஓர் எடுத்துக்காட்டு

நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எமது மெல்பேண் நகரின் உட்பகுதியில் உள்ள கொலிங்வூட் கல்லூரியில், 2001 ஆம் ஆண்டு ஒரு சமையற் தோட்டம் தொடங்கப்பெற்றது. அதைத் தொடக்கியவர் சமையற்கலை நூல்களால் புகழ்பெற்ற ஸ்ரெபனி அலெக்சாந்தர் அம்மையார். பல நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் அரச பாடசாலை அது. அங்கே மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பயிரிட்டனர், விளைந்ததைப் பறித்தனர், தாமே சமைத்தனர், ஒரே மேசையில் அமர்ந்து பகிர்ந்து உண்டனர். 2004 இல் இதற்கென ஓர் அறநிறுவனம் அமைக்கப்பட்டு, இம்முறை அவுஸ்திரேலியா எங்கும் பல பாடசாலைகளுக்குப் பரவியது. டீக்கின், மெல்பேண் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இப்பாடசாலைகளை ஆராய்ந்தபோது, முன்பு உண்டறியாத உணவைச் சுவைத்துப் பார்க்கும் விருப்பம் அங்குள்ள பிள்ளைகளிடம் கூடியிருப்பதைக் கண்டனர். "எனக்குக் கீரை வேண்டாம்" என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் இச்செய்தியைச் சற்று ஊன்றிப் படிப்பார்களாக. தான் வளர்த்த கீரையைப் பிள்ளை எளிதில் மறுப்பதில்லை.

அங்கே உணவுப் பழக்கத்துக்குப் பயன்பட்ட அதே தோட்டம், எமக்கு மொழிக் கல்விக்கும் பயன்படும். எவ்வாறெனப் பார்ப்போம்.

செடியோடு வளரும் சொற்கள்

தமிழ், பயிர்த்தொழிலோடு பிறந்து வளர்ந்த மொழி. ஆங்கிலத்தில் ஓரிரு சொற்களால் கூறி முடிப்பதைத் தமிழ் பயிருக்குப் பயிர், பருவத்துக்குப் பருவம் வேறுபடுத்திக் கூறும். இளம் பயிரை எடுத்துக்கொள்வோம். நெல்லுக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. முற்றாத காயை எடுத்துக்கொள்வோம். பொதுவாகப் பிஞ்சு என்போம். ஆயினும் மாவுக்கு வடு, தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, வாழைக்குக் கச்சல், பலாவுக்கு மூசு எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் திரட்டி, வகைப்படுத்தித் தந்துள்ளார்.

பெயர்ச்சொற்கள் மட்டுமல்ல, வினைச்சொற்களும் அவ்வாறே. சிறு விதையைத் தூவுவோம்; பெரு விதையை ஊன்றுவோம்; நாற்றை நடுவோம். கீரையைக் கிள்ளுவோம்; காயைப் பறிப்போம்; முள்ளங்கியைப் பிடுங்குவோம்; கிழங்கைக் கிண்டுவோம்; நெல்லை அறுப்போம்; வாழைக்குலையை வெட்டுவோம். இவ்வேறுபாடுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைக்குச் சுமை. பாத்தியருகே நின்று செய்து காட்டினால் அவை விளையாட்டு. கீரையைக் கிள்ளிய விரலும் முள்ளங்கியைப் பிடுங்கிய கையும் அச்சொற்களின் வேறுபாட்டைத் தாமே அறியும்.

இலக்கணமும் இங்கே இயல்பாக வரும். "சென்ற வாரம் ஊன்றினோம், இன்று முளைக்கிறது, அடுத்த மாதம் காய்க்கும்" என்று சொல்லும் பிள்ளைக்கு முக்காலங்களும் மூன்று வாய்பாடுகள் அல்ல, கண்முன் நிகழ்ந்த மூன்று உண்மைகள்.

மேல் வகுப்பினருக்குத் தோட்டம் இலக்கிய வாயிலாகவும் அமையும். தொல்காப்பிய மரபியல் மரஞ்செடிகளை இரண்டாகப் பிரிக்கின்றது. வெளிப்புறம் வைரம் உடையவற்றைப் 'புல்' என்றும், உட்புறம் வைரம் உடையவற்றை 'மரம்' என்றும் அது கூறும். அவ்வழக்கின்படி உயர்ந்து நிற்கும் பனையும் தென்னையும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை எனப் பிரிப்பதோடு இப்பாகுபாடு பெரிதும் ஒத்துப்போகின்றது. ஊறிய போஞ்சி விதையை உரித்தால் இரண்டு பருப்புகளாகப் பிளக்கும். சோளவிதை அவ்வாறு பிளவாது. இதைத் தம் விரலால் செய்து பார்த்த மாணவருக்குத் தொல்காப்பியம் தொலைவில் உள்ள நூலாகத் தோன்றாது. திருக்குறளின் 104 ஆம் அதிகாரமாகிய உழவையும் அவ்வாறே கற்பிக்கலாம். உழுதலினும் எருவிடுதல் நன்று, களை நீக்கியபின் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்ற கருத்து அங்கே உண்டு. அது உண்மைதானா என்பதை மாணவர் தம் பாத்தியிலேயே சோதித்துப் பார்க்கட்டும்.

நத்தையும் அப்பப்பாவும்

இங்கே எமது வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் பொருந்தும். முதன்முறை யாம் பெட்டிகளில் ஊன்றிய போஞ்சி விதைகளுட் பாதி முளைக்கவேயில்லை. முளைத்தவற்றையும் நத்தைகள் ஓரிரவில் அரித்துவிட்டன. பிள்ளைகள் மிகவும் வாடினர். ஆசிரியராகிய எமக்கோ இலக்கணம் தெரியும். நத்தையை என்ன செய்வது என்பது தெரியாது.

அப்பொழுது, பேரனை அழைத்துச் செல்ல வந்து வழமைபோல வாகனத் தரிப்பிடத்தில் தனியே காத்திருந்த முதியவர் ஒருவர், பெட்டியை எட்டிப் பார்த்தார். ஊரில் செம்மண் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர் அவர். "ஆர் இதை இவ்வளவு ஆழமாய் ஊன்றினது?" என்று கேட்டார். பின்பு விதையின் பருமனைப் போல இரு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு ஆழமே போதும் என்று விரலால் அளந்து காட்டினார். இருட்டியபின் கைவிளக்கோடு வந்து நத்தைகளைப் பொறுக்க வேண்டும் என்றார். ஈரத்தைக் காலையில் ஊற்று, மாலையில் ஊற்றினால் நத்தைக்கு விருந்து என்றார். அன்று ஒரு மணி நேரம் அவரே ஆசிரியர். அவருடைய பேரன் வீட்டில் அவருக்கு ஆங்கிலத்திலேயே மறுமொழி கூறுபவன். அன்று அவன் "அப்பப்பா, இதுக்கு என்ன பேர்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நின்றான். கேள்விக்கு விடை அவரிடம் மட்டுமே இருந்தது. அவ்விடை தமிழில் மட்டுமே இருந்தது.

எமது முதியோர் பலர் இந்நாட்டில் மொழியும் தொழிலும் இழந்தவராய், பேரப்பிள்ளைகளிடம் சொல்லுவதற்கு ஒன்றுமில்லாதவர் போல அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் ஓர் அறிவுக் களஞ்சியம் உண்டு. அதைத் திறக்கும் திறவுகோல் பிள்ளைகளின் கேள்வி. கேள்வி பிறப்பதற்கு ஒரு செடி வேண்டும். அவர்கள் மறைந்தபின் அக்களஞ்சியம் மீண்டும் திறக்கப்படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

சனிக்கிழமைத் தோட்டம்

"எமது பாடசாலைக்குச் சொந்தக் கட்டடமே இல்லை, வாரத்தில் ஒருநாள், சில மணி நேரம், தோட்டம் எங்கே?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. புறோபலின் இரு பாத்திகளை எமது நிலைமைக்கேற்ப மாற்றிக்கொண்டால் வழி பிறக்கும்.

தனிப் பாத்தியாக ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள பூச்சாடி ஒன்று. அது பிள்ளையின் வீட்டில் இருக்கும். நாள்தோறும் நீர் ஊற்றுவது பிள்ளையின் கடன். பொதுப் பாத்தியாக வகுப்புக்கு இரண்டு ரெஜிபோம் பெட்டிகள். மரக்கறிக் கடைகளில் கேட்டால் இவை இலவசமாகவே கிடைக்கும். அடியில் துளையிட்டு, கட்டட உரிமையாளராகிய பாடசாலையின் அனுமதி பெற்று, வெயில் படும் ஒரு மூலையில் அவற்றை வைக்கலாம். அருகில் வசிக்கும் குடும்பங்கள் முறைவைத்து வார நாள்களில் நீர் ஊற்றலாம்.

எமது நான்காம் தவணை ஒக்ரோபரில் தொடங்கி நத்தாருக்கு முன் முடியும். இளவேனில் வெப்பம் கூடிவரும் இப்பருவம் பயிருக்கு உகந்தது. ஏறத்தாழப் பத்து வாரங்களில் முடியக்கூடிய திட்டம் ஒன்றை இங்கே தருகின்றோம். வெந்தயம், சிறிய சிவப்பு முள்ளங்கி, குற்றுப் போஞ்சி ஆகிய மூன்றும் போதும்.

முதலாம் வாரம்: மண்ணை நிரப்புதல். வெந்தயத்தை அரைச் சென்ரிமீற்றர் ஆழத்திலும், முள்ளங்கியை ஒரு சென்ரிமீற்றர் ஆழத்திலும், போஞ்சியை ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் ஆழத்திலும் இடுதல். ஒவ்வொன்றிலும் எத்தனை விதை இட்டோம் என்பதைத் தமிழில் குறித்தல்.

இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: முளைத்தவற்றை எண்ணுதல். 20 விதையில் 17 முளைத்தால் நூற்றுக்கு 85. முளை, வித்திலை, தண்டு, வேர், கணு ஆகிய சொற்களைச் செடியில் தொட்டுக் காட்டிப் பயிலுதல். நெருக்கமாக முளைத்த முள்ளங்கியை ஐதாக்குதல்.

நான்காம் வாரம்: வெந்தயக் கீரையைக் கிள்ளுதல். அவரவர் வீட்டில் அன்றைய கறிக்குப் பயன்படுத்தி, அதன் செய்முறையைத் தாயிடமோ தந்தையிடமோ கேட்டு ஐந்து வரிகளில் எழுதி வருதல்.

ஐந்தாம், ஆறாம் வாரங்கள்: முள்ளங்கியைப் பிடுங்குதல்; நீளமும் நிறையும் அளந்து அட்டவணை இடுதல். வெறுமையான இடத்தில் மீண்டும் வெந்தயம் தூவுதல்.

ஏழாம், எட்டாம் வாரங்கள்: போஞ்சி பூக்கும். அரும்பு, மலர், பிஞ்சு என்னும் பருவங்களை நாள் குறித்து வரைதல். தேனீ வந்ததா எனப் பார்த்து எழுதுதல்.

ஒன்பதாம், பத்தாம் வாரங்கள்: காய் பறித்தல். ஒவ்வொரு பிள்ளையும் தன் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தை வகுப்பில் வாசித்தல். ஈற்றில் எல்லோருடைய விளைச்சலையும் சேர்த்து, கீரை வறையும் போஞ்சிக் கறியும் முள்ளங்கிச் சம்பலும் செய்து கூடியுண்ணுதல்.

தவணை முடிந்ததும் பொதுப் பெட்டிகளை விடுமுறைக் காலத்தில் பேணுவதற்கு இரு குடும்பங்கள் முன்வந்தால் போதும். ஆசையோடு வளர்த்தது வெயிலில் கருகக் காண்பதைப் போலப் பிள்ளைக்குத் தளர்ச்சி தருவது வேறில்லை.

கவனத்திற்கு

சில எச்சரிக்கைகளையும் கூறுதல் கடமையாகும். கடைகளில் பையில் விற்கப்படும் சாடி மண்ணில் லெஜியனெல்லா என்னும் பற்றீரியா இருத்தல் கூடும். அதன் தூசியைச் சுவாசித்தால் கடுமையான நுரையீரல் நோய் உண்டாகலாம். ஆகவே பையைத் திறந்தவெளியில் பெரியவர் ஒருவர் மெதுவாகத் திறந்து, மண்ணை நீர் தெளித்து நனைத்தபின்பே பிள்ளைகள் அணுகுதல் வேண்டும். கையுறையும் முகக்கவசமும் அணிதல், வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் ஆகியன கட்டாயம்.

பழைய நகர்ப்புற நிலங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாதலால், நிலத்தைவிடப் பெட்டியும் சாடியும் பாதுகாப்பானவை. பூச்சிகொல்லி மருந்துகளை அறவே தவிர்ப்போம். கூடியுண்ணும் நாளுக்கு முன் பிள்ளைகளின் ஒவ்வாமைகளைக் கேட்டறிதல் வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயமும் ஒவ்வாதிருக்கலாம்.

மற்றுமொன்று. ஊருக்குச் சென்று திரும்பும்போது அன்பு மேலீட்டால் விதைகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவோர் உளர். அறிவிக்காமல் விதை கொண்டுவருதல் இந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஒரு கைப்பிடி விதையோடு வரும் நோய் ஒரு நாட்டின் பயிரையே கெடுக்கும் என்பதே காரணம். மிளகாய், வெண்டி, பயற்றை, முளைக்கீரை என எமக்கு வேண்டிய விதைகள் பல இங்குள்ள கடைகளிலேயே கிடைக்கின்றன. சட்டத்தை மதித்து நடத்தலும் பிள்ளைக்கு ஒரு பாடமே.

நிறைவாக

பண்பாடு என்னும் சொல்லும் நிலத்தைப் பண்படுத்துதல் என்னும் வழக்கும் ஒரே வேரில் கிளைத்தவை. நிலத்தை உழுது பயன்கொள்ளத்தக்கதாக ஆக்குதல் போல, மனத்தையும் பண்படுத்துதலே கல்வி என எம் முன்னோர் கண்டனர்.

அன்பான மாணவச் செல்வங்களே! அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு கரண்டி வெந்தயத்தைக் கேட்டு வாங்குங்கள். இரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் ஒரு சாடியில் தூவுங்கள். சில நாள்களில் பச்சை முளை தலைகாட்டும். அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழில் என்ன பெயர் என்று உங்கள் அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேளுங்கள். தொலைவில் இருந்தால் தொலைபேசியிலேனும் கேளுங்கள்.

பெற்றோர்களே! அப்பிள்ளை மண் படிந்த கையோடு ஓடிவந்து ஒரு கேள்வி கேட்கும்போது, "பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஊன்றும் பருவம் ஒன்று உண்டு. பருவம் தப்பினால் பயிர் இல்லை.